அத்தான் பெருப்பித்த ஓட்டை

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் ஒரே நாளில் வெளிக்கிட்டபோது ஆர் ஆர் எதை எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கதைக்கத் தொடங்கினால் அந்தக் கதை லேசில் முடியாது. நகை, காணி உறுதி, சாமிப்படம், கோழிக்கூடு. என் அத்தான், அக்காவின் புருஷன், ஒரு காபரேட்டரைக் கொண்டு வந்தார். அவருடைய பழைய இங்கிலீஷ்க் கார், ஏ-போட்டி, வீட்டுக் கொட்டிலில் நின்றது. வாகனத்தைக் கண்ட இடத்தில் மறித்து எடுக்கிற காலம், ஓட்டிக்கொண்டு வர வழியில்லை. ஆகவே எண்ணெயையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் விடுகிற அந்தக் கையளவு சாமானை மட்டும் கழற்றி, உடுத்துக் கழித்த பழைய சாரத்தில் சுற்றி, பையின் அடியில் வைத்துவிட்டார். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் காரைக் கிளப்ப ஏலாது. அக்காவின் தையல் மெசினைப் பாரம் என்று விட்டுவிட்டு வந்த மனுசன்! அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணினா.

நான் அதற்கு முதலே புத்தளம் பக்கம் வந்து, ஒரு உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டு மதுரங்குளியில் இருந்தேன். கலியாணம் கட்டாத தனி ஆள். அக்காவும் அத்தானும் வந்து என்னோடு இருந்தார்கள். காபரேட்டர் அலுமாரியில், அக்காவின் சீலைகளுக்கு நடுவில் கிடந்தது. சீலை எல்லாம் மண்ணெண்ணெய் மணக்குது என்று அக்கா கத்துவா. ஆனால் அதை எடுத்து வெளியில் வைக்கவும் மாட்டா. அத்தான் சண்டை முடிவதைக் காணவில்லை. நெஞ்சு வலி என்று படுத்தவர் எழும்பவில்லை. கடைசிக் கிழமையிலும் என்னிடம் கேட்டது காரைப் பற்றித்தான்.

மண்ணெண்ணெய் மணம் எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஊருக்குள் பெற்றோல் வராத வருசங்கள் இருந்தன. அப்போது அத்தானைப் போல வாடகைக்கு ஹயர் ஓடினவர்களின் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய். அதற்குத் தோதாக ஆளாளுக்குக் காபரேட்டரில் கை வைத்தார்கள். வெள்ளைப் புகையும் இருமலுமாகக் கார்கள் போகும். அத்தான் வீட்டுக்கு வந்தால் சேட்டு, தலைமயிர், தலையணை எல்லாம் அந்த மணம். கை கழுவிவிட்டுச் சோறு பிசைந்தாலும் சோறு மணக்கும் என்று அக்கா மூக்கைச் சுளிப்பா.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். கொட்டில் கூரை காருக்கு மேல் விழுந்து கிடந்தது. ரயர் நாலும் இல்லை, சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் கார் கார்தான். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சந்தியில் இருக்கிற என் சிநேகிதனின் கராச்சில் இறக்கினேன். அவன் இந்த ஊர் ஆள், முஸ்லிம், தண்ணிப் பம்பும் உழவு மெசினும் திருத்துகிறவன். என்னைவிடப் பெரிய கார்ப்பைத்தியம், விசரன். வருசக்கணக்கில் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தோம். கடைசியில் அலுமாரியில் இருந்த காபரேட்டரை, அத்தான் கழற்றினபடியே கொண்டுபோய்ப் பூட்டினோம்.

கார் கிளம்பினபோது அக்கா பக்கத்தில் நின்றா. சைலன்சருக்குள் இருந்த பழைய கரி எல்லாம் எரிந்து புகை முகத்தில் அடித்தது. நானும் சிநேகிதனும் இருமிக்கொண்டு பின்னால் ஓடினோம். அக்கா அசையவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவர் வேலையாலை வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றா.

அப்படிச் சொன்ன மனுசிக்குத்தான் பிறகு அந்த மணம் ஆகாமல் போனது.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஒரு கட்டி. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்துக் கரண்ட் பிடித்தார்கள், கட்டியைக் கதிரால் எரிக்கிற வைத்தியம். அது முடிந்த பிறகு கிழமைக்கு ஒரு தரம் கூட்டிக்கொண்டு வந்து மருந்து ஏற்றச் சொன்னார்கள். ஒரு கிழமைகூடத் தவறக்கூடாது, தவறினால் ஏற்றினதெல்லாம் வீண் என்று டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார். மதுரங்குளியில் இருந்து சிலாபம், நீர்கொழும்பு தாண்டிப் போகவேண்டும். பஸ் சரிவராது. வாடகை வான் ஒன்று பிடித்துப் பார்த்தோம். கண்ணாடி எல்லாம் பூட்டி, உள்ளே வாசனைப் போத்தல் ஒன்று தொங்கவிட்டு, அடுத்த ஊரான முந்தல் வரமுன்னமே அக்கா குடலைக் கக்கிவிட்டா. அவரின்ரை கார் நிக்கேக்கை ஏன் கண்டவன்ரை வானுக்குள்ளை போகோணும் என்று எனக்கு ஏச்சு வேறு.

சரியென்று காரில் கூட்டிக்கொண்டு போனேன். காரும் கெடுத்தது. நாற்பது மைல் வேகத்தில் பிடித்து ஓடத் தொடங்கினால் பச்சைப் பெற்றோல் மணம் உள்ளுக்குள் வந்து நிரம்பும். நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தாலும் போகாது. ஒரு பொலித்தீன் பையை வாயோடு பிடித்துக்கொண்டே அக்கா போனா, வந்தா. மணம்தான் கெடுக்கிறது என்று நான் சொன்னபோது, “மணத்தைக் குறை சொல்லாதை. என்ரை வயிறுதான் கேக்குதில்லை” என்றா. ஆனால் அந்த முறை வீட்டு வாசலில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டா. சாகிறதென்றால் வாந்தி எடுக்காமல் இங்கேயே கிடந்து சாகிறேன் என்றா. அக்கா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், அத்தானே அசைக்க முடியாத ஆள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். யாரில் காட்டுவது? காரில் காட்டினேன். அடுத்த கிழமைக்குள் இந்தக் கார் மணக்காமல் ஓடவேண்டும், இல்லாவிட்டால் அக்கா வரமாட்டா, அவ்வளவுதான் கணக்கு.

முற்றத்தில் நிறுத்தி, பொனெற்றைத் திறந்து, காபரேட்டரில் இருக்கிற காற்றுத் திருகாணியைத் திருகினேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். எஞ்சின் சும்மா நின்று இரையும்போது தேன் மாதிரி இருக்கும். ரோட்டில் விட்டால் பழைய குருடி கதவைத் திறடி. டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி ரைமிங் மாற்றினேன், பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், மிதவையைப் பார்த்தேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். அன்றைக்கு அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து முற்றம் மட்டும் தீய்ந்த வாசம் வந்தது. குசினிக்குப் பக்கத்து அறையில் அக்கா கதிரையில் இருந்தா. பார்த்துக்கொண்டு இருந்தனீங்களோ என்று பாய்ந்தேன். அக்கா எழும்பிப் போய்ச் சட்டியை இறக்கினா. நோயாளியோடு இப்படிக் கத்துகிறேனே என்று பிறகு என்னையே நொந்துகொண்டேன்.

சிநேகிதன் பின்னேரம் வந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். எஞ்சின் மூச்சு முட்டுது மச்சான் என்றான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சத்தம் சரியாகத்தானே இருக்கிறது, இந்தக் காரின் சத்தம் எனக்குத் தெரியாதா என்று வாதாடினேன். அவன் பொறுமைசாலி. உனக்குத் தெரிஞ்சது மண்ணெண்ணெயில ஓடுற சத்தம் என்றான்.

உண்மைதான். எஞ்சின் சத்தத்தை நான் கேட்டுப் பழகினது அந்த வருசங்களில். தடித்து, அடைத்து, தொண்டையில் சளி கட்டினது போல ஓடினால்தான் எனக்கு அது நல்ல எஞ்சின். அந்தச் சத்தம் வரும்வரைக்கும் திருகித் திருகி, நானே என் கையால் எண்ணெயைக் கூட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். பெற்றோலில் ஓடுகிற காரை மண்ணெண்ணெய்க் காதால் கேட்டால் வேறென்ன நடக்கும்? இந்தப் பிழையை எங்கள் ஊரானைத் தவிர உலகத்தில் ஒருத்தனும் விடமாட்டான்.

அடுத்தநாள் காலமை ரோட்டில்தான் பார்ப்பது என்று முடிவு. மதுரங்குளி தாண்டி நேர் ரோட்டில் நாற்பது மைலில் பிடித்து ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே எஞ்சினை நிற்பாட்டி, கியரை நழுவவிட்டு ஓரமாக உருட்டி நிறுத்தினோம். அப்படிச் செய்தால்தான் அந்த வேகத்தில் எஞ்சின் எப்படி எரிக்கிறது என்று பிளக்கில் தெரியும். சூடு ஆறமுதல் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி. நல்லாய் எரிகிற பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கவேண்டும்; கறுத்தால் எண்ணெய் கூட, வெளுத்தால் குறைவு. சும்மா நிற்கும்போது எண்ணெய் போகிற வழி வேறு, ஓடும்போது போகிற வழி வேறு, நீ இவ்வளவு நாளும் வேற கதவைத் தட்டிக்கொண்டு இருந்தாய் என்றான். அங்கேயே ரோட்டோரத்தில் காபரேட்டரைத் திறந்து, அடியில் எண்ணெயை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தான்.

கடலையளவு பித்தளையில் ஊசி நுழையிற ஓட்டை இருக்கவேண்டிய இடம். அந்த ஓட்டை பெரிசாக இருந்தது. வட்டமாகவும் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. யாரோ கையால் பெருப்பித்திருக்கிறார்கள். யாரோ என்ன, அத்தான்தான். மண்ணெண்ணெய் தடிப்பு, சின்ன ஓட்டையால் வேண்டிய மட்டும் வராது. சைக்கிள் கம்பியைத் தீட்டித் தீட்டி, கைவிளக்கு வெளிச்சத்தில் குந்தியிருந்து அவர் எதையோ குடைந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பெற்றோலுக்கு அது வாய்க்கால். மணக்காமல் என்ன செய்யும்?

சிலாபத்தில் பழைய சாமான் விற்கிற சிங்கள ஆள் ஒருவரிடம் இன்னொரு ஜெட் கிடைத்தது. அதன் ஓட்டை சின்னது. பூட்டி ஓடினால் கார் இருமியது, ஏற்றத்தில் பொருமியது, காபரேட்டர் வாயால் திருப்பித் துப்பியது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இரண்டு தேய்ப்பு, பூட்டு, ஓடு, நிற்பாட்டு, பிளக்கைப் பார். வெள்ளை. திரும்ப இரண்டு தேய்ப்பு. உப்புக் காற்று அடித்துக் கை எல்லாம் பிசுபிசுத்தது. ரோட்டால் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஒரு தரம் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவன் அதை என் கையில் வைத்தான். பிஸ்கட். அல்ஹம்துலில்லாஹ் என்றான், நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பழைய ஜெட்டை அக்காவிடம் கொடுத்தேன். அத்தானின் கைவேலை, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தா. மூக்கில் வைத்துப் பார்த்தா. ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, எப்ப போறது ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டா. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வேறொன்றையும் நான் யோசிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கார் ஓடின ஓட்டம்! நாற்பது மைலில் முள்ளு அசையாமல் நிற்க, எஞ்சின் ஒரே சுதியில் பாட, அக்கா பையை மடியில் மடித்து வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. ஒருக்காலும் வாந்தி எடுக்கவில்லை. அடுத்த கிழமையும் எடுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற நேரம் வெளியில் நிற்கிற சாரதிமாரைப் பிடித்து வைத்து ஜெட்டின் கதை சொன்னேன். சிநேகிதன் வீட்டுக்கு வந்து, அக்காவை அவன் கூப்பிடுகிற முறையில், ராத்தா எப்படி, இப்ப சுகமா போய் வரலாமா என்று கேட்டபோது, உங்கள் ரெண்டு பேரின் புண்ணியம் என்று அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. அன்றைக்குத் தேத்தண்ணிக்குள் பழுதான பால் விட்டிருந்தா. அவன் முகம் சுளிக்காமல் குடித்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் திரும்பி வரும்போது பத்துளு ஓயாப் பாலத்துக்கு முன்னால் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். படங்கு போட்டு மூடி இறுக்கிக் கட்டின லொறி. மேடும் பள்ளமுமாக ரோட்டு வேலை நடந்த இடம், முந்த இடமில்லை. கருவாடு! நாலு நாள் மழையில் நனைந்த கருவாட்டின் நாற்றம், கண்ணில் தண்ணி வருகிறது. ஐயோ, அக்கா வாந்தி எடுக்கப் போகிறா என்று பதறி என் பக்கத்துக் கண்ணாடியை அவசரமாக ஏற்றினேன். எட்டி அவவின் பக்கத்தையும் ஏற்றப் போனேன்.

“ஏன்ரா ஏத்திறாய்? வெக்கையாக் கிடக்கு.”

“முன்னாலை கருவாடு, அக்கா.”

“எங்கை?”

படங்குக்குள் இருக்கிற கருவாட்டை அவ கண்ணால் தேடினா. நான் காரை ஓரம் கட்டினேன். லொறி போய்விட்டது. நாற்றம் மட்டும் காருக்குள் நின்றது. நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். அவவுக்கு விளங்கிவிட்டது எனக்கு விளங்கிவிட்டதென்று.

“கனநாளாய் எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை” என்றா. “கரண்ட் பிடிச்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ப் போயிட்டுது. நீ முத்தத்திலை நிண்டு திருகத் தொடங்கேக்கையே முழுக்கப் போயிட்டுது.”

நான் கத்தினேன். கத்தினேன் என்றால் ரோட்டில் போன சைக்கிள்காரன் இறங்கி நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஏன் சொல்லவில்லை, என்னை என்ன விசரன் என்று நினைத்தீங்களோ, ஒரு மனுசன் ரோட்டு ரோட்டாகக் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தானே என்று. அக்கா கேட்டுக்கொண்டு இருந்தா. நான் முடித்த பிறகு, “நீ அதைத் திருத்தினால் நான் தப்பியிடுவன் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சாய். அந்த நினைப்பை நான் ஏன் பறிக்கோணும்?” என்றா.

ஸ்ரேறிங்கில் தலையை வைத்து அழுதேன். வெட்கமில்லை, அழுதேன். கார் திருந்தினதால் வாந்தி நிற்கவில்லை. அவவின் மூக்கு செத்துப்போனதால் நின்றது. போன கிழமை டொக்டர் மருந்து பிடிக்கிறது என்று சொல்லியிருந்தார், அதற்கும் என் பிஸ்கட் நிறப் பிளக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அக்கா என் முதுகில் கையை வைத்து, எழும்பு, இருட்டமுதல் வீட்டுக்குப் போவம் என்றா.

மருந்தை ஒரு கிழமையும் தவறாமல் ஏற்றி முடித்தோம். ஆனால் கட்டி கேட்கவில்லை. இனி அலைக்க வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன டொக்டர் நல்ல மனுசன், அவரிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டில் இருந்த அந்த நாட்களில் ஒருநாள் காலமை அக்கா சீலைத் தலைப்பை அவிழ்த்து அந்தப் பித்தளைத் துண்டை என்னிடம் நீட்டினா. இதைத் திரும்பப் பூட்டு, ஒருக்கால் போய்வருவம் என்றா. நான் ஏன் என்று கேட்கவில்லை. சிநேகிதனிடம் கொண்டுபோனேன். அவனும் கேட்கவில்லை. நாங்கள் ரோட்டோரத்தில் நாள் கணக்காய்த் தேய்த்துத் தேய்த்துச் சரிக்கட்டின ஜெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அத்தான் பெருப்பித்ததைப் பூட்டினான். வீட்டுக்கு வருகிற வழியில் நான் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி பெற்றோல் ராங்கியில் ஊற்றினேன். அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அக்கா மெலிந்து போயிருந்தா, தூக்கித்தான் இருத்தினேன். ஆரும் கேட்டால் முன்னேஸ்வரம் கோயிலுக்கு என்று சொல்லு என்றா, சிரித்துக்கொண்டு. நல்ல சீலை உடுத்து, பொட்டு இல்லாத நெற்றியில் திருநீறு பூசியிருந்தா. கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. சந்தியில் நின்ற ஆட்கள் மூக்கைப் பொத்தினார்கள். முந்தல் பக்கம் திருப்பி, எஞ்சின் அடைத்துத் தடித்து இருமினாலும் விடாமல் நாற்பது மைலுக்குக் கொண்டுவந்தேன். மணம் உள்ளுக்கு வந்து நிரம்பியது. என் கண் எரிந்தது.

அக்கா கண்ணாடியை ஏற்றச் சொன்னா. ஏற்றினேன். முன்னால் குனிந்து, எஞ்சின் பக்கத்துத் தகட்டில் முகம் முட்டுகிற மாதிரி வைத்து மூச்சை இழுத்தா. இன்னொரு தரம் இழுத்தா. பிறகு பின்னால் சாய்ந்துவிட்டா.

“உனக்கு மணக்குதோ?”

“மணக்குது, அக்கா.”

“எப்பிடி மணக்குது? சொல்லு.”

எனக்கு உந்த மாதிரிக் கதை எல்லாம் வராது. மண்ணெண்ணெய் மணக்குது என்றேன். அது எனக்குத் தெரியாதோ, வடிவாச் சொல்லு என்றா. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அத்தான் வேலையால் வந்து, சேட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று தேத்தண்ணி கேட்கிற மணம் என்றேன். அக்கா கண்ணை மூடினா.

“தலையிலை?”

“தலையிலை நல்லெண்ணெயும் புகையும்.”

“கையிலை?”

“சவுக்காரம் போட்டும் போகாத மண்ணெண்ணெய். சோறு பிசைஞ்சாலும் மணக்கும்.”

“ஓம்” என்றா. “ஓம், அதுதான். இன்னும் சொல்லு.”

முந்தல் போய்த் திரும்பி மதுரங்குளிச் சந்தி வருமட்டும் அவ கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தா, நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.